தாளில் இல்லாத கேள்வி

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் அக்கா மகளுக்கு நடந்தது. அவளுக்கு நடிப்பெல்லாம் மேடையில் மட்டும்தான். வீட்டில் ஒரு பொய் சொன்னாலும் காது சிவந்துவிடும். நாங்கள் கூப்பிடுவது வாலு என்று.

கல்லூரியில் கடைசி வருடம். நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர்களோ, வெளியே நடித்ததற்குச் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பத்தையே தொடுவோம் என்றார்கள். கல்லூரி நாடகங்கள் கணக்கில் வராதாம். கடைசித் தேதி நெருங்க நெருங்க, பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆள் கேட்டார்கள். மாணவர்களுடைய தேர்வில் நோயாளியாக நடிக்கவேண்டும். வயிற்றுவலி. "அதுக்கு ஒத்திகையே வேண்டாம். பள்ளிக்கூடம் போற காலத்துல தினம் செஞ்சதுதானே" என்றாள் அக்கா.

நோயாளி சொல்லவேண்டியதை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். தேர்வு நடத்தும் பேராசிரியை கறாரான அம்மா. தாளில் இல்லாததை யார் கேட்டாலும் 'இல்லை' என்று மட்டும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு பதில் போனால் தேர்வே கெட்டுவிடும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

காலையெல்லாம் ஒழுங்காகப் போனது. மணி அடிக்கும், ஒரு மாணவர் வருவார், வயிற்றை அழுத்திப் பார்த்துக் கேள்வி கேட்பார். பேராசிரியை மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். எட்டு நிமிடத்தில் மறுபடி மணி.

ஒரு மணிக்கு இடைவேளை. பேராசிரியை சாப்பிடப் போனார். வாலு மட்டும் கட்டிலிலேயே படுத்து, பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

1.10. கதவு திறந்தது. மணி அடிக்கவில்லை.

வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளைஞர். மற்றவர்கள் எல்லாரும் கோட்டில் தேர்வு எண் குத்தியிருந்தார்கள். இவரிடம் எண் இல்லை. தாமதமாக வந்தவரோ, இல்லை தன்னைத்தான் சோதிக்கிறார்களோ என்று நினைத்து, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பெயர் கேட்கவில்லை. எப்போதிருந்து வலி என்றும் கேட்கவில்லை. கையில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பின் ஒரு முனை தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. இரும்பு... ஆனால் சத்தமே இல்லை.

"எங்கயாவது கீழ விழுந்தீங்களா?"

தாளில் அது இல்லை.

"இல்லை."

இடது விலாவுக்குக் கீழே கை வைத்தார். போர்வையைத் தாண்டிக் குளிர் ஏறியது.

"விழுந்தீங்களா?"

"இல்லை."

இப்போது அங்கே நிஜமாகவே வலித்தது...

அவர் காதருகே குனிந்தார். மூச்சு படவில்லை.

"பயப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். விழுந்தீங்களா?"

'ஆமா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் எங்கும் விழவில்லையே... சான்றிதழை நினைத்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடினாள்.

"இல்லை."

மணி அடித்தது.

கண் திறந்தாள்.

யாரும் இல்லை.

மாலையில் சான்றிதழ் கைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டே, எண் இல்லாமல் வந்த அந்த மாணவரைப் பற்றிக் கேட்டாள். "என்ன கேள்வி கேட்டான்?" என்றார் பேராசிரியை. சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தாளில் இருந்தது ஒரு நிஜ நோயாளியின் கதையாம். புருஷன் மாடிப்படியில் தள்ளிவிட்டிருக்கிறான். இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, இங்கே வயிற்றுவலி என்று காட்டிவிட்டு வீட்டுக்குப் போன அன்றே இறந்துவிட்டாள். விழுந்த விஷயம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத் தாளில் சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அவளைப் பார்த்த இளம் டாக்டரும் அந்த மாதம் உயிரோடு தாண்டவில்லை.

"அவர் கேக்காம விட்டுட்டாரா, மேடம்?" என்றாள் வாலு.

"கேட்டான். மூணு தடவை கேட்டான், நான் பக்கத்துலதான் நின்னேன். புருஷன் கதவுகிட்டயே நின்னுக்கிட்டிருந்தான். அவ மூணு தடவையும் இல்லைன்னுதான் சொன்னா."