கைதட்டிய நூறு பேர்

சட்டைக் கம்பெனியில் அந்த அம்மாளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது அடுக்குத் துணியை மிஷினில் பிசிறில்லாமல் வெட்டும் கை. நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் காலை அந்தக் கை மடங்க மறுத்து வீங்கிப்போனது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒருமுறை போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வீட்டில் வலியைச் சொன்னால் கணவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான். போனில் ஒரு குழு கிடைத்தது, அதே நோய்க்காரர்கள். மிஷின் பிடியில் ஸ்பாஞ்சு சுற்றிக்கொள்ளச் சொன்னது அந்தக் குழுதான். சுற்றினார், வலியில்லாமல் பிடிக்க முடிந்தது. அன்றிலிருந்து குழு சொன்னதெல்லாம் வேதவாக்கு.

அங்கே டீச்சரக்கா என்றொருவர், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேர்ப்பொடி ஒன்றிலேயே ஆறு மாதமாக ஓடியாடுவதாக எழுதினார். கீழே நூறு கைதட்டல். மாஸ்டரும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் பொத்தான் போடவே விரல் வரவில்லை; தங்கை வந்து தலை வாரிவிட்டாள்.

டாக்டரிடம் ஓடி மாத்திரையை மறுபடி தொடங்கிய பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. கைதட்டியவர்கள் ஒவ்வொருவரையும், பொடி சாப்பிட்டார்களா என்று தனித்தனியே கேட்டார். பதில் போட்டவர்கள் அறுபத்தொரு பேர். அதில் பொடியை வாயில் வைத்தவர்களே ஒன்பது பேர்தான். அந்த ஒன்பதில் ஏழு பேர் மாத்திரையை நிறுத்தவே இல்லை. நிறுத்திய இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். மற்றவர்கள், நல்ல சேதியாக இருக்கிறதே என்று தட்டி வைத்தார்களாம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் டீச்சரக்காவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் சின்னக் குரல்.

"எனக்கும் மூணு வாரமா முட்டி மடங்கலம்மா. எழுதினா எல்லாரும் உடைஞ்சு போயிடுவாங்களேன்னு எழுதல."

மாஸ்டருக்குத் திட்ட வாய் வரவில்லை. "மொதல்ல டாக்டரைப் பாருங்கக்கா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம்," என்றார்.

எழுதினார்கள், எண்ணிக்கையோடு. சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அதுவரை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்த பதினொரு பேர் மாத்திரைக்குத் திரும்பியதாகச் சொன்னார்கள். டீச்சரக்கா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மாஸ்டருக்கு இரண்டு விரல் வளைந்தது வளைந்ததுதான். முப்பது அடுக்குக்கு மேல் வெட்டுவதில்லை. குழுவில் யாராவது குணமாகிவிட்டது என்று எழுதினால், கூடவே வேறென்ன சாப்பிட்டார்கள் என்று முதலில் கேட்பது அவர்தான். சிலருக்கு அது எரிச்சல். பலர் பதில் சொல்கிறார்கள்.