வழி தப்பிய உத்திரம்

பங்குனி வெயிலில் காய்ந்த செம்மண்ணின் சூடு முதலில் உள்ளங்காலில் ஏறி, பிறகு முழங்காலுக்கு வந்து, கடைசியில் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஒரு பகல் முழுக்கப் பனங்காட்டில் அலைந்தவர்களுக்கு அது தெரியும். இத்தனை வருஷம் கழித்து, சென்னையில் அலுவலகம் முடிந்து வீட்டு மாடிப்படி ஏறும்போது கால் ஓய்ந்து வந்தால், எனக்கு அந்தச் சூடுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர் சீவலப்பேரி, ஆற்றங்கரை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் குலதெய்வமான சாஸ்தா இருப்பதோ சாத்தான்குளத்துப் பக்கம், தண்ணீரைக் கண்ணில் காட்டாத பனங்காட்டுக்குள். பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்து, அண்டாவும் அரிசியும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவோம். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் அன்றைக்கு மட்டும் வந்து சேர்வார்கள். என் கூட்டாளி கணேசனின் அப்பாவும் அப்படித்தான் வருவார். சென்னையில் யாரோ ஒருவருடைய பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை அவருக்கு. தீபாவளி, பொங்கலுக்குக் கடையில் கூட்டம் நெரியும் என்று முதலாளி விடமாட்டார். உத்திரத்துக்கு மட்டும் ஒருநாள் லீவு. காலையில் வந்து இறங்கி, சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கணேசனுக்கு அப்பா என்றால் வருஷத்தில் அந்த ஒரு பகல்தான்.

நாங்கள் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், வந்து இறங்கிய மனுஷர் "மெட்ராஸ்ல பதநீருக்கு எங்க போவ?" என்று யாரிடமோ அலுத்துக்கொண்டதைக் கணேசன் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். ஒரு தூக்குவாளியைக் கையில் எடுத்தான், என்னையும் எங்கள் இன்னொரு கூட்டாளி சுடலையையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டான். பனையேறி ஒருவரைத் தேடிப்பிடித்தோம். "சாமி கும்பிட வந்த பிள்ளையளா" என்று அவர் வாளி நிறைய ஊற்றியும் கொடுத்துவிட்டார். திரும்பும்போதுதான் கோளாறு. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு வரப்பும் வாய்க்காலும் தெரியும். பனங்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பனை, அதே உடைமுள், அதே வண்டித்தடம்.

"மேளச் சத்தத்தப் பாத்துப் போவோம்லே, கோயில் வந்துரும்," என்றான் சுடலை. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் உத்திரத்தன்று அந்தக் காட்டில் மேளம் அடிக்காத திசை ஏது? குளத்தங்கரைக்குக் குளத்தங்கரை ஒரு சாஸ்தா, ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம், ஒரு மைக் செட். முதல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால், அது வேறு யாரோ குடும்பத்துக் கோயில். அங்கே இருந்தவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை கூடுகிறவர்கள்தானே, எது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்கே தெரியவில்லை. மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாள் கணேசனின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "தூத்துக்குடிக்காரி மவனா? அப்படியே அவ மூக்குல்லா!" என்று சொல்லி, எங்களை வாய் திறக்கவிடாமல் இலை போட்டு உட்காரவைத்தார். அடுத்த கோயிலில் பானக்காரமும் சுண்டலும் தந்து, "ஒங்க அப்பன் சொகமா இருக்கானாலே?" என்று விசாரித்தார்கள். நானும் சுடலையும் வெட்கமில்லாமல் தின்றோம். கணேசன் எதையும் தொடவில்லை. வாளியை மடியில் இடுக்கிக்கொண்டு, "அப்பா போயிருவாவலே, எந்திரிங்கலே," என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

சைக்கிளில் போன ஒருவர் காட்டிய தடத்தில் நாங்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குளத்தங்கரை மேட்டில், தலையில் துண்டோடு, தொண்டை கட்டிப்போய் நின்றிருந்தார் கணேசனின் அப்பா. தோப்பு தோப்பாக மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்ததில் அவருடைய பஸ் போய்விட்டது. ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு வாளியை வாங்கிப் பார்த்தார். பதநீர் நுரைத்துப் புளித்துப்போயிருந்தது. அதை அடிமண்டி வரைக்கும் நின்றபடியே குடித்தார்.

அன்று அவர் ஊரில் தங்கினார். மறுநாள் காலையில் மகனை ஆற்றுக்குக் கூட்டிப்போய், முதுகு தேய்த்துவிட்டு, மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். அந்த ஒரு காலையைக் கணேசன் வருஷம் முழுக்க எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது, அவனுக்குச் சலிக்கவில்லை.

அடுத்த உத்திரத்தில் சாமி கும்பிட்டு முடித்ததும் என் காதருகே வந்தான். "ஏலே, வழி தப்புவமா?"

தெரிந்த காட்டில் தொலைவது எவ்வளவு சிரமம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போக ஓர் இடமில்லை, வாங்க ஒரு பொருளில்லை, பொழுது மட்டும் போகவேண்டும். நிழல் தராத ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பசி பொறுக்காமல் சுடலை எழுந்திருக்கும்போதெல்லாம் கணேசன் அவன் சட்டையைப் பிடித்து, "கொஞ்ச நேரம்லே, இன்னும் கொஞ்ச நேரம்," என்று கெஞ்சினான். நாள் முழுக்க நடந்த வருஷத்தைவிடச் சும்மா உட்கார்ந்திருந்த அந்த வருஷம்தான் நான் அதிகம் களைத்துப்போனேன். வெயில் இறங்கிய பிறகு, அறை வாங்கத் தயாராக, காலை இழுத்து இழுத்துத் திரும்பினோம்.

மேட்டில் யாரும் இல்லை. கணேசனின் அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அவிய கொஞ்ச நேரம் தேடிப் பாத்தாவ. இன்னொருக்க பிந்துனா வேல கெடையாதுன்னு மொதலாளி போன வருசமே வஞ்சிருக்காரு. போயிட்டாவ."

கடையில் கட்டுகிற மாதிரியே காகிதத்தில் மடித்து, சணல் சுற்றிய ஒரு பொட்டலத்தை மகனுக்கென்று வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊர் வந்து சேரும்வரை கணேசன் அதைப் பிரிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டே வந்தான்.

இப்போது அந்தக் காட்டில் யாரும் தொலைவதில்லை. உடைமுள்ளுக்குள் கிடந்த வண்டித்தடம் தார்ரோடாகிவிட்டது, பனை பாதிக்கு மேல் காணவில்லை. பக்கத்துக் கோயிலுக்குள் தப்பி நுழைகிற பிள்ளையும் இல்லை, அதை நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து இலை போடுகிற அம்மாளும் இல்லை. என் மகள் காரைவிட்டு இறங்குவதே பெரிய காரியம். நான் எங்கே நிற்கிறேன் என்று அவள் கைப்பேசி சொல்லிவிடும்.

சுடலை துபாயில் இருக்கிறான். கணேசன் ஊரைவிட்டுப் போகவே இல்லை, விவசாயம் பார்க்கிறான். எனக்கும் அவனுக்கும் வருஷத்தில் அந்த ஒரு பகல்தான் வாய்க்கிறது. போன உத்திரத்தில், வெயில் தாழ நான் வண்டியைக் கிளப்பியபோது அவன் ஜன்னலோரம் குனிந்தான்.

"ஏலே, வழி தப்புவமா?"

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நாளைக்கு லீவு கிடையாதுலே," என்றேன்.

"தெரியும்லே," என்றான் கணேசன். "பைய போ."