ஸ்டீவ், மோரி சான், நடுவில் பஷீரின் ஃபோர்க்லிஃப்ட்

மேலே இருப்பவர் சொல்வதைக் கீழேயும், கீழே இருப்பவர் சொல்லாததை மேலேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கோடவுன் சூப்பர்வைசர் வேலை. இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். எர்ணாவூரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் ஏழு வருஷம், பிறகு எண்ணூரில் ஒரு ஜப்பான் கம்பெனியில் ஆறு வருஷம் நான் இதைச் செய்தேன்.

பேர் சொல்லிக் கூப்பிடு

அமெரிக்க மேனேஜர் ஸ்டீவுக்கு 'சார்' என்றால் பிடிக்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தண்டையார்பேட்டை பஷீர்கூட "குட்மார்னிங் ஸ்டீவ்" என்பான். ஒரு நாள் அவன் வண்டியிலிருந்து பெட்டி சரிந்து, உள்ளே இருந்த மோட்டார் உடைந்தது. பதினோரு மணிக்குப் பெட்டி விழுந்தது. பன்னிரண்டுக்குள் மெயில் வந்து வேலை போய்விட்டது. ஸ்டீவே கேட் வரை வந்து, கைகுலுக்கி, வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். பக்கத்தில் நின்ற நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. போகும்போது பஷீர் சொன்னது:

"பேரு சொல்லி பேசிக்கினு இருந்தோமா, கோச்சிக்கக்கூட முடிலணா."

தலையாட்டினால் என்ன அர்த்தம்?

ஜப்பான் கம்பெனிக்கு மாறியதும் முதல் வேலையாக பஷீரை அங்கே சேர்த்துவிட்டேன். ஏப்ரலில், லோடு இறக்கும் இடத்துக்கு ஃபேன் கேட்டோம். மேனேஜர் மோரி சான் ஜப்பானிய மொழியில் "ஹாய், ஹாய்" என்று தலையாட்டினார். சரி என்கிறார் என்று நானும் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அதற்கு அர்த்தமாம். காற்றை அளந்தார்கள், படம் வரைந்தார்கள், ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டீவாக இருந்தால் 'முடியாது' என்று பத்தே நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நவம்பர் மழையில் ஃபேன் வந்தது. பஷீர் அண்ணாந்து பார்த்தான்:

"குளுருதுணா. ஆனா சத்தமே இல்லாம சுத்துது."

ஏன்?

மறு வருஷம் பஷீர் இங்கேயும் ஒரு பெட்டியைச் சாய்த்துவிட்டான். நான் ஓடிப்போனபோது அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்த முறை நான் வாயைத் திறந்தேன். "நல்ல டிரைவர், மோரி சான்" என்றேன். அவர் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில் பஷீரைக் கேட்டார்: "ஏன்?"

தெரியவில்லை என்றான். தினமும் அதே நேரத்தில், அதே வண்டியை ஓட்டச் சொல்லி, திரும்பத் திரும்ப "ஏன்?" மூன்றாம் நாள், வேலையை விட்டே அனுப்பிவிடச் சொல்லுங்கள் என்று பஷீர் என்னிடம் கெஞ்சினான்.

நாலாம் நாள் மோரி சானே சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். வளைவில் காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. இரண்டு நொடிக்கு எதிரே எதுவுமே தெரியவில்லை. இறங்கி வந்து பஷீருக்குக் குனிந்து வணங்கினார். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் வெயிலை மறைக்கத் தடுப்பு போட்டுவிட்டார்கள். பஷீர் அட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னான்:

"எங்க வூட்ல கூட என்னை இவ்ளோ நேரம் யாரும் விசாரிச்சது இல்லணா."

மொத்தத்தில், அங்கே போனது வேலை, இங்கே போனது பொறுமை. பொறுமையாவது மறுநாள் காலை முதல் டீயோடு திரும்பி வந்துவிடுகிறது.