மாசியில் திறந்த தகரப் பொட்டி

"…பூனையேதாம்ப்பா. அதை வுட்டா வேற யாரு போயி அந்தப் பொட்டிக்குள்ள படுப்பா, நீயே சொல்லு" என்றார் என் மாமனார்.

சொன்னது பக்கத்து வூட்டு அண்ணனிடம். அவர் மொபெட்டைக் கிளப்பித் தயாராக நின்றார். வண்டியில் கால் வைக்கிற இடத்தில் வாய் கட்டிய ஒரு சாக்கு. சாக்குக்குள் எங்கள் பூனை. பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகிறவர், அப்படியே அதையும் அங்கே இறக்கி விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. நான் முந்தானைக்குள் ஒன்றை மறைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். தெருவில் எனக்கு வாயாடி என்று பேர். அந்த நேரத்துக்கு என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு இண்டூர் பக்கம். கார்த்திகை பிறந்தால் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், "ஓசூர் குளிரு பஸ் ஏறி வந்துருச்சு தாயி" என்பார். வருஷா வருஷம் அதே பேச்சு, எனக்கும் வருஷா வருஷம் சிரிப்பு. அவர் அதைச் சொன்னதும் நான் வேலையில் இறங்கிவிடுவேன். ஸ்வெட்டர், கம்பளி, குல்லா எல்லாம் பீரோவின் மேலிருந்து கீழே வரும். மெல்லிசுச் சட்டை, பருத்திச் சீலை, வெயிலுக்குக் கட்டுகிற வேட்டி, மெத்தைமேல் விரிக்கிற மெல்லிய போர்வை எல்லாம் பின்னறையில் இருக்கிற தகரப் பொட்டிக்குள் போகும். மாசியில் சிவராத்திரி முடிந்ததும் இது உள்ளே, அது வெளியே.

ஆளுக்கு ஒரு மூட்டை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறத்துப் பழஞ்சீலையில் வைத்து நாலு முனையும் சேர்த்துக் கட்டுவேன். இடையிடையே காய்ந்த வேப்பிலை, மூலைக்கு ஒரு பாச்சை உருண்டை. கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கேட்ட துணியை எடுத்துத் தருவேன் என்று எனக்கு அதில் ஒரு பெருமை. பக்கத்து வூட்டு அக்கா, "உன் பொட்டியப் பாத்தா துணிக்கடைக்காரனே கடையச் சாத்திட்டுப் போயிருவான். எங்க வூட்டுத் துணியெல்லாம் நாற்காலியிலயே குடித்தனம் நடத்துது" என்பார். அந்த வார்த்தைக்காகவே நான் அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போய்க் காட்டுவேன்.

பொட்டிக்கு ஒரே குறை, மூடியின் கீல் துருப்பிடித்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். போன கோடையில் அந்தச் சந்து வழியாகப் பூனை உள்ளே புகுந்து தூங்கியிருக்கிறது. இரண்டு தடவை விரட்டியிருக்கிறேன். அது என் மாமனாருடைய பூனை. அத்தை தவறிப்போன பிறகு எங்கிருந்தோ வந்து அவர் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டது. "யாரும் கூப்புடல, அதுவா வந்துச்சு" என்பார். தோசையில் ஒரு துண்டு அதற்கு. குளிர் காலத்தில் அவர் காலடியில்தான் படுக்கும். "எனக்குக் கால் சூடு, அதுக்கு வயித்துச் சூடு. கணக்கு நேராப் போச்சு" என்பார்.

இந்தக் குளிரில் அவரிடம் ஒரு மாற்றம். அவிழ்த்த இடத்திலேயே வேட்டியைப் போட்டுவிட்டுப் போகிற மனுஷன், விடியும் முன்னே பனியில் நின்று, துவைக்கிற கல்லில் தன் வேட்டியைத் தானே அலசுவார். "நான் தொவைக்க மாட்டனா மாமா?" என்று கேட்டால், "கை காலு ஆடட்டும்மா" என்பார். பொழுது சாய்ந்தால் டீயும் குடிப்பதில்லை, தண்ணீரும் இல்லை. சர்க்கரைக்குப் பயந்துகொண்டு என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? "எங்க மாமா இந்த வயசுல மாப்பிள்ளை ஆயிட்டாரு, விடியறதுக்குள்ள வேட்டி வெளுக்கறாரு" என்று தெரு பூராவும் சொல்லிச் சிரித்தேன். அக்கா அவரை நேராகவே பிடித்துக்கொண்டார். "என்னா மாமா, பொண்ணு பாத்துரலாமா?"

"பாரேன். உன்னாட்டம் வாய் இருக்கக் கூடாது, அவ்ளோதான்" என்று அவரும் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார்.

சிவராத்திரி முடிந்தது. வெயில் சுள்ளென்று விழுந்த ஒரு காலையில் பொட்டியைத் திறந்தேன்.

திறந்ததும் ஒரு நாற்றம். மூக்கில் அல்ல, கண்ணில் வந்து குத்தியது. மேலாக இருந்த என் வீட்டுக்காரர் சட்டை மூட்டை, மகளின் மூட்டை, என் சுங்குடிச் சீலை எல்லாவற்றிலும் மஞ்சள் மஞ்சளாகக் கறை, ஈரம் ஊறிக் காய்ந்த கோடு. வேப்பிலை கறுத்துப் போய்ச் சீலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்கவே இல்லை. அங்கிருந்தே கத்தினேன்.

"அக்கா! இங்க வந்து பாருங்க, இந்தச் சனியன் புடிச்ச பூனை பண்ணியிருக்கற வேலைய!"

அக்கா வந்தார். மூக்கில் சீலையை வைத்துக்கொண்டு, "உன் பொட்டியத் தொறந்தா வாசனை வரும்பியே, இதானா?" என்றார். எதிர் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். என் பெருமையெல்லாம் அங்கே நாறிக் கிடந்தது. அவமானத்தில் என் குரல் இன்னும் ஏறியது. மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து வந்து பின்னறை வாசலில் நின்றார்.

"மாமா, உங்க பூனைய என்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க!"

அவர் பொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாரையும் பார்த்தார். அப்புறம், "ஆமாம்மா. பூனைதான் போலிருக்குது" என்றார்.

பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பொய்யை அவராகத் தேடி எடுக்கவில்லை. நான்தான் மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சாக்கு இருந்தாக் குடுங்க, கொண்டு போய் வுட்டுடறேன். மீன் விக்கற பக்கம் வுட்டா அதுவும் பொழைச்சுக்கும்" என்றார். நான், "கொண்டு போங்கண்ணா" என்றேன். அவர் துரத்தத் துரத்தப் பூனை கட்டிலுக்கடியில் சுவரோடு ஒண்டிக்கொண்டது. கடைசியில் மாமனார்தான் குனிந்து, "வா, வா சாமி" என்று கூப்பிட்டார். அவர் குரலுக்கு அது வந்தது. தூக்கிச் சாக்குக்குள் விட்டதும் அவரேதான்.

அவர்கள் வாசலில் சாக்கைக் கட்டிக்கொண்டிருக்க, நான் துணிகளை வெளியே அள்ளிப் போடப் பின்னறைக்குத் திரும்பினேன். மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மேல் மூட்டைகளுக்குக் கீழிருந்து அடித் தகரம் வரை, இடையிடையே செருகி, நான் வைக்காத உருண்டைகள். வேட்டிகள். ஒரு போர்வை. இறுக்கிச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் சணல் கயிறு. புளி மூட்டைக்கு வாய் கட்டுகிற மாதிரி இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. எங்கள் வீட்டில் அந்தக் கட்டு ஒருவருக்குத்தான் வரும். அவிழ்க்கத் தெரியாமல் நான் எத்தனையோ தடவை, "மாமா, இந்த முடிச்ச அவுத்துக் குடுங்க" என்று அவரிடம் போய் நின்றிருக்கிறேன்.

பூனைக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?

பனியில் நின்று அலசியதும், பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிக்காததும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. பனி மூட்டத்தில் எல்லா நாளும் துணி காயாது. துணிக்கொடியும் எங்கள் வீட்டு முன்னால், தெருவுக்கு நேரே. ராத்திரிப் படுக்கையில் நனைந்துபோனதை அலச முடியாத நாளில், நான் அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, யாரும் மாசி வரை திறக்காத பொட்டிக்குள் தள்ளியிருக்கிறார். வெயில் வந்ததும் எடுத்துத் துவைத்துவிடலாம் என்று இருந்திருப்பார். அதற்குள் நான் திறந்துவிட்டேன். டீக்கடையில் அவர் போனால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். கோயில் விஷயம் என்றால் அவர் வாயைப் பார்ப்பார்கள். அந்த மனுஷனைத்தான் நான் மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

உருண்டைகளில் இரண்டை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் இருக்கும்.

"அண்ணா, இருங்க" என்றேன். "வேணாம். பாவம், வுட்டுருங்க."

"கொஞ்சம் முந்தி ஊரைக் கூட்டுனவ நீ. இப்ப பாவமா?" என்றார் அக்கா. "அடுத்த வருசம் உன் வூட்டுக்காரரு தலையிலயே பேஞ்சு வெக்கும். அப்ப என்னைக் கூப்புடாத."

எல்லாரும் சிரித்தார்கள். பூனை இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி "அப்ப யாரு?" என்பதுதான். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தேன் என்றோ, கூரை ஒழுகியது என்றோ சின்னதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாள் பூராவும் பேசுகிற எனக்கு அது தோன்றவில்லை. சாக்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல்கூட இல்லை, கேள்வி கேட்கிற மாதிரி ஒன்று.

அண்ணனுக்கும் மனசு கொஞ்சம் இடித்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். "சித்தப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லிடுங்க. பூனைதானே? அப்புறம் ஏன்டா கொண்டு போய் வுட்டன்னு என்னைக் கேக்கக் கூடாது."

அப்போதுதான் மாமனார் அதைச் சொன்னார், பூனையேதான், வேறு யார் பொட்டிக்குள் படுப்பார்கள் என்று. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முந்தானைக்கு வெளியே சணல் கயிற்றின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை, அவர் பார்த்துவிட்டார். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். கொண்டுபோன பிறகுதான், அதைவிடக் கேவலமாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தெரிந்தது.

அவர் வண்டியருகில் போனார். குனிந்து சாக்கின் வாய்க்கட்டில் விரலை விட்டு ஒரே இழுப்பில் அவிழ்த்தார். பூனை வெளியே வரவில்லை. சாக்கைச் சாய்த்துத் தட்டினார். அது எகிறிக் குதித்து, திண்டுச் சுவர் மேல் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. வெறும் சாக்கை, நான் சீலை மடிக்கிற மாதிரி, முனைக்கு முனை சேர்த்து மடித்து அண்ணன் கையில் கொடுத்தார். "என்னா சித்தப்பா?" என்றார் அண்ணன். அவர் என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"குடும்மா. என்னுது."

கொடுத்தேன். உருண்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க வாசலைத் தாண்டி, துவைக்கிற கல்லுக்குப் போனார். முடிச்சை அவிழ்த்து, வேட்டியை உதறி, கல்லின் மேல் முழு நீளத்துக்கும் விரித்துவிட்டுக் குழாயைத் திறந்தார்.