சட்னி அரைத்த கம்ப்யூட்டர்

சால்டரிங் பேஸ்ட் உருகும்போது ஒரு புகை வரும் பாருங்கள்... அந்த வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு எங்கள் விருத்தாசலத்து வீட்டுக் கூடமும் தேங்காய்ச் சட்னியும்தான் ஞாபகம் வரும்.

டிப்ளமோ முடித்து ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். பிரிண்டர் மாட்டுகிற இடத்திலிருந்து ஒயரை இழுத்து, 'டக்'கென்று கரண்டைப் போட்டு நிறுத்துகிற நாலு ரிலே, நாலு சாக்கெட். அப்பாவின் செராமிக் யூனிட்டில் மூலை உடைந்ததென்று ஒதுக்கிப்போட்ட பீங்கான் கட்டைகளில்தான் ஒயரையெல்லாம் முறுக்கியிருந்தேன். கீபோர்டில் ஒன்றைத் தட்டினால் ஃபேன், இரண்டுக்கு லைட், மூன்றுக்கு ரேடியோ, நாலுக்கு மிக்ஸி. ஒயர் அடுப்படிவரை எட்டாததால் மிக்ஸி கூடத்துக்கே வந்துவிட்டது. "நாலத் தட்டித் தொலடி" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா சட்னி அரைப்பாள்.

அப்போதுதான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையை எனக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இது எப்படியாவது அமைய வேண்டுமே என்று வேண்டாத சாமி இல்லை.

"ஒயரு கியரு எதையும் அவங்க கண்ணுல காட்டாதடி. கரண்டோட வெளையாடுற பொண்ணுன்னு எழுந்து போயிடுவாங்க" என்றாள் அம்மா.

கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். நிறுத்த முடியாது. ஃபேன் ஓடுவதே அதனால்தானே!

பஜ்ஜிக்குச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. அம்மா மூடியைத் திறந்து உப்புப் பார்த்தாள். அதற்குள் வாசலில் கார் வந்து நிற்க, மூடியும் கையுமாக ஓடினாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து கரண்டு வந்தது.

போர்வைக்குள் "பீப்".

அந்தப் பழைய கம்ப்யூட்டர் கரண்டு வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும். எழும்போது நாலு சாக்கெட்டையும் ஒருசேரப் போட்டுவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஃபேன் சுற்ற, லைட் எரிய, ரேடியோவில் நாதஸ்வரம் அலற, மூடியில்லாத மிக்ஸி... ஐயோ! மாப்பிள்ளை சட்டையில், அவருடைய அம்மாவின் பட்டுப்புடவையில், சுவரில், எங்கே பார்த்தாலும் சட்னி.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். போச்சு, எல்லாம் போச்சு... அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்துச் சட்னியை விரலால் வழித்து வாயில் வைத்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்குது."

பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "இது நீயே செஞ்சதாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"எங்க வூட்டு மோட்டாரையும் இதுல மாட்டலாமா? அதப் போடவும் நிறுத்தவும் கொல்லைக்கு ஓடியே என் காலு தேயுது." அப்படியே அம்மா பக்கம் திரும்பி, "சம்பந்தி, மொகம் கழுவத் தண்ணி குடுங்க" என்றார்.

சம்பந்தி! சட்னி சட்டையோடு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா கையில் இன்னும் அந்த மூடி.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாமே ஸ்மார்ட் பிளக். மகள் காலேஜில் இருந்துகொண்டே போனில் மோட்டாரை நிறுத்துகிறாள். ஒயரும் இல்லை, புகையும் இல்லை. வசதிதான்... ஆனாலும் ரிலேயின் அந்த 'டக்' சத்தம் இல்லாதது எனக்கு என்னவோ போலத்தான் இருக்கிறது.

அத்தை மட்டும் மாறவே இல்லை. கரண்டு போனால் எல்லாரும் டார்ச்சைத் தேடுவோம். அவர் கத்துவது ஒன்றே ஒன்றுதான்.

"மொதல்ல மிக்ஸிய மூடுங்க!"