துடைத்தும் போகாத வெள்ளை

என் வீட்டுக்காரருக்கு எச்சில் விழுங்கினால் தொண்டை வலித்தது. இருமலும் விடவில்லை. உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் பக்கம் அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். உப்பும் மிளகுத்தூளும் கட்டைவிரலில் தொட்டு உள்நாக்கை மேலே அழுத்த வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னேன். தோட்டத்துப் பக்கம் போய்க் கொப்பளித்துவிட்டு வந்துதான் திறந்தார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தியதில் வலி ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

சங்கராபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், தொண்டையில் யார் நகம் கீறியது என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப்போனது. சிவந்திருப்பது சளியாலா, என் கைவேலையாலா என்று அவருக்கே பிடிபடவில்லை. அதற்கு மாத்திரை எழுதிவிட்டு, எதற்கோ கீழுதட்டை மடித்துப் பார்த்தார். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக, சுருங்கிய தோல். பஞ்சால் துடைத்தார். போகவில்லை. வெறும் படிவாக இருந்தால் துடைத்ததும் வந்துவிடுமாம்.

"எத்தனை வருசமா இங்க புகையிலை அடக்கறீங்க?"

பீடிகூடத் தொடாத மனுஷனை இப்படிக் கேட்கிறாரே என்று நான் குறுக்கே பேசப் போனேன். வீட்டுக்காரர் தலை குனிந்தே இருந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்யாணமான நாளாக, எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காமல் 'ம்' என்பார். சீர் பத்தவில்லையோ, என் நிறம் பிடிக்கவில்லையோ என்று நானாகக் காரணம் கட்டி எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். புகையிலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது கோபப்படுவதா, நிம்மதியாவதா, அந்த வெள்ளையை நினைத்துப் பயப்படுவதா? மூன்றும் ஒன்றாக வந்து குழப்பின.

டாக்டரம்மா கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றா இல்லையா என்று அடுத்த வாரம்தான் தெரியும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில், ஊசியில் மரத்துப்போன உதட்டோடு அவராகவே பேசினார்.

"உன்னாண்ட பேசணும்னா துப்பிட்டு வரணும். துப்பினா நீ பாத்துடுவ. அதான் பேசாமயே இருந்துட்டேன்."

அவர் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. இந்த வாய் போய்விட்டால் என்ன செய்வேன்?

"இன்னும் பேசுங்க," என்றேன்.

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.