வேலியோரத்துக் கீரை

மலாயாவில், பாடாங் செராய்க்கு அந்தப் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் நவமணிக்குச் சுத்தம்தான் சாமி. அவள் தேய்த்த சட்டியில் முகம் பார்க்கலாம். அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் தம்ளரைக் கீழே வைக்கப் பயப்படுவார்கள்.

நாளெல்லாம் தோட்டத் துரையின் மரம், துரையின் பால். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிய முள்வேலியோரம் போட்ட கீரைப் பாத்தி ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதற்கும் கேடு வந்தது. கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க அரசாங்கம் போட்ட அவசரகாலம் இன்னும் முடிந்தபாடில்லை. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடாமல் இருக்க வேலியோரம் மறைவே இருக்கக்கூடாதாம். முழங்கால் உயரக் கீரைக்குள் கம்யூனிஸ்ட்டு ஒளிந்துகொள்வான் என்று துரைக்கு யார் சொன்னார்களோ, வெட்டச் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, அணுகுண்டு வந்து காப்பாற்றியது. எங்கோ நடுக்கடலில் அதை வெடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தூசு மழையோடு இறங்கிப் பயிர்பச்சையில் படிகிறதா என்று சோதிக்க ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்தார். நவமணியின் பாத்தி அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாதாமாதம் ஒரு கட்டுக் கீரை வேண்டும், சோதனை முடியும்வரை யாரும் பாத்தியைத் தொடக்கூடாது என்றார். துரை பல்லைக் கடித்துக்கொண்டார். நவமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்தா நவமணி, கழுவாம குடுக்கணும்லா. தூசுதான் அவருக்கு வேணும்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலு.

"சரிங்கய்யா," என்றாள்.

பறித்துப் பார்த்தால் இலையெல்லாம் மண், நடுவே கோழி எச்சம். இதையா ஒரு பெரிய மனிதர் கையில் கொடுப்பது? பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, மூன்று தண்ணீரில் அலசி, உதறி, வாழைநாரில் கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு மாதமும் அப்படியே கொடுத்தாள்.

பிறகொரு நாள் ஆபீசரே சிரித்த முகத்தோடு வந்தார். கிராணி எடுத்துச் சொன்னார்: "ஒன் கீரையில பொட்டுத் தூசு இல்லையாம். கெடா மாநிலத்துலயே இதுதான் சுத்தமாம்!"

நவமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அடுத்த மாசம் எப்பங்கய்யா வருவாரு?"

"தூசு இல்லாத எடத்துல அவருக்கு என்னா வேல? வேற தோட்டத்துக்குப் போறாரு." கிராணிக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. "கழுவாமத்தானே குடுத்த?"

"என்னங்கய்யா கேக்குறீங்க? வந்த மனுசருக்கு அழுக்குக் கீரையா குடுப்பேன்?"

கிராணி தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். ஆபீசரின் கார் கேட்டைத் தாண்டியிருந்தது.

துரை நேரம் கடத்தவில்லை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பழனியாண்டி பாராங் கத்தியோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே பாத்தியை வெட்டிச் சாய்த்தார். நவமணி சாய்ந்ததையெல்லாம் மடியில் அள்ளிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். அழுதுகொண்டே மூன்று தண்ணீரில் அலசினாள்.